சும்மா வூட்டுக்கு ஒரு சின்ன லேப்டாப்

“சும்மா வூட்டுக்குத்தான் சார். சின்னதா, வெல கம்மியா ஒண்ணு காட்டுங்க.”

கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இதற்குள் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பீர்கள். அலுவலகத்துக்கு வாங்குபவர் என்ன வேண்டும் என்று எழுதியே கொண்டுவருவார். கல்லூரிக்கு வாங்குபவருக்கு யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். வீட்டுக்கு வாங்குபவரிடம் இந்த ஒரு வரிதான் இருக்கும். அவர் மனதில் ‘சும்மா’ என்றால் என்ன, ‘வூடு’ என்றால் என்ன என்று தெரியாமல் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினால், அது உங்கள் கைக்கு எட்டிய பெட்டியாகத்தான் இருக்கும்.

சென்ற தை மாதம் நான் வேலையிலிருந்து விடைபெற்றபோது, “புதுசா வர்றவங்களுக்கு நாலு வார்த்த எழுதிக் குடுத்துட்டுப் போ வாத்தியாரே” என்று பாய் கேட்டார். பாய் என்பது கடை முதலாளி. கள்ளக்குறிச்சியில் எல்லாருக்கும் அவர் வெறும் பாய்தான். நானும் பெயரை எழுதப்போவதில்லை. நான் வாத்தியாரும் இல்லை. மதிய இடைவேளையில் ஏதாவது புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன் என்பதால் அவர் வைத்த பட்டம் அது. மெமரி, பேட்டரி, வேகம் எல்லாம் பெட்டியின் மேலேயே அச்சாகியிருக்கின்றன. அவற்றை நான் சொல்லித் தரத் தேவையில்லை. ஒரே ஒரு பிற்பகலைப் பற்றி எழுதுகிறேன்.

எதையும் எப்போது என்று குறிக்காமல் எனக்குப் பேச வராது. விடுமுறை கிடைத்தால் ரிஷிவந்தியம் கோயிலுக்குப் போய்ச் சுவர்க் கல்வெட்டில் ஆண்டு தேடுகிற ஆள் நான். ஆகவே: கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்த நான்காம் ஆண்டு, ஐப்பசி பிறந்த முதல் வாரம், ஆயுத பூஜைக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை.

தெரு முழுக்கப் பொரி மூட்டையும் பூசணிக்காயும் வாழைக்கன்றும். கடைக்குள் நிற்க இடமில்லை. பண்டிகைச் சலுகை என்று வெளியே துணி கட்டியிருந்தோம். அந்த நேரத்தில் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு மினி லாரி வந்து நின்றது. அதிலிருந்து முப்பது வயதுக்கு உட்பட்ட ஒருவர் இறங்கி வந்தார். சட்டையெல்லாம் செம்மண். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம் ஊர், பெயர் அண்ணாமலை. மரவள்ளிக்கிழங்கை ஆலையில் இறக்கிவிட்டு மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

“வண்டிய ரோட்லயே வுட்டுட்டு வந்துக்கிறேன் சார். சும்மா வூட்டுக்கு ஒண்ணு. சின்னதா.”

நான் பெரியதை எடுத்து வைத்தேன். அதற்குக் காரணம் இருந்தது. சின்ன லேப்டாப்புகளை எங்கள் கடையில் யாருக்கும் பிடிக்காது. கவுண்டரில் என் பக்கத்தில் நின்ற கொளஞ்சி அவற்றைப் ‘பொம்மை’ என்றுதான் சொல்வார். உள்ளே இடம் கம்மி. நாலு படம் ஏற்றினால் நிறைந்துவிடும். இன்றைக்கு மலிவு என்று வாங்கிப்போனவர் அடுத்த மாதமே வந்து நிற்பார். இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பெரிய திரையாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது வியாபாரத்துக்காக அல்ல. மனதாரச் சொல்வதுதான்.

அண்ணாமலை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மவுஸ் இலவசம் என்றேன், ஆட்டினார். பை இலவசம் என்றேன், ஆட்டினார். பிறகு கேட்டார்:

“இத ஒரு கையால தூக்க முடியுமா சார்?”

தூக்கிக் காட்டினேன்.

“பொம்பளைங்க?”

“மேசையில வெச்சிட்டா எதுக்குங்க தூக்கணும்?”

அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெளியே ஷேர் ஆட்டோக்காரர்கள் லாரியைப் பார்த்து ஹாரன் அடிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

கல்வெட்டு படிக்கிறவர்களுக்குத் தெரியும். தொடக்கத்தில் அரசனுடைய வெற்றிகள் வரி வரியாக நீளும். யார் கொடுத்தார், என்ன கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்கிற சங்கதி அதற்கெல்லாம் பின்னால்தான் வரும். கவுண்டரில் நாங்கள் பாடுவது அந்த முதல் பகுதி. வந்தவர் வாயைத் திறக்கும்வரை சங்கதி தொடங்குவதேயில்லை. பாய் கல்வெட்டு படித்தவர் அல்ல. ஆனால் கல்லாவில் உட்கார்ந்தபடியே எங்கள் பாட்டு எங்கே முடிய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எவ்வளவில் பார்க்கிறீர்கள், எதற்கு என்றெல்லாம் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. அவரிடம் இருந்தது ஒரே கேள்வி. டிவிக்குப் பக்கத்தில் என்பவருக்கு ஒன்று, கட்டில் மேல் என்பவருக்கு வேறொன்று, கடைசி மகனுக்கு எட்டாத பரண் மேல் என்பவருக்கு இன்னொன்று என்று, பதிலை வைத்தே அவர் பெட்டியைக் கை காட்டிவிடுவார்.

அன்றும் அதையே கேட்டார்.

“எங்கப்பா வெப்ப?”

“பாயில.”

“எம்மேலயா?”

கடை மொத்தமும் சிரித்தது. அண்ணாமலைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “ஐய, அந்தப் பாய் இல்ல பாய். கோரப்பாயி.”

“சரி, கோரப்பாயில யாரு ஒக்காந்து பாப்பா?”

“ஒக்கார மாட்டாங்க. படுத்துக்கினு இருப்பாங்க.”

“யாரு?”

“வூட்ல.”

“வூட்டுல யாருங்க?” என்றேன் நான்.

“வூட்லதான் சார்.” இவனுக்கு எப்படிச் சொல்வது என்பதுபோல என்னைப் பார்த்தார்.

பாய் கல்லாவை மூடிவிட்டு எழுந்தார். “வாத்தியாரே, வூட்டுக்குன்னா வூட்டுக்கு இல்ல. வூட்டுக்கு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் என் மனைவியை ‘வீட்டில்’ என்றுதான் முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். வீட்டில் சொன்னார்கள், வீட்டில் உடம்பு சரியில்லை, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன். அந்தச் சொல்லைக் கவுண்டருக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் சொன்னதும், சுவரும் கூரையும்தான் என் காதில் விழுந்திருக்கின்றன.

பாய் அவரைச் சற்று ஓரமாக அழைத்துப்போனார். நானும் போனேன். அண்ணாமலை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மாசமா இருக்கறாங்க பாய். அஞ்சாவது மாசம். இதுக்கு முன்ன ரெண்டு தபா தங்கல. அதனால வெளிய சொல்றதில்ல. இந்தத் தபா டாக்டரம்மா உள்ள தையல் போட்டு அனுப்பிச்சிக்கிறாங்க. எழுந்திரிக்கவே கூடாதாம். எடது பக்கமா ஒருக்களிச்சே படுக்கணுமாம், புள்ள பொறக்கற வரிக்கும்.”

“படுக்க வேண்டியதுதான?” என்றார் பாய்.

“உங்களுக்கு எங்க வூட்டப் பத்தித் தெரியாது பாய். ஒரு எடத்துல நிக்கற ஆளே இல்ல. நேத்து லோடு எறக்கிட்டுப் போய்ப் பாக்கறேன், களத்துல நின்னுக்கினு கெழங்கு நறுக்கறாங்க. இன்னாம்மா இதுன்னு கேட்டா, செவுத்தையே பாத்துக்கினு எம்மா நேரந்தான்யா கெடக்கறதுன்னு என்னிய வையிறாங்க. தாயம் ஆடுவாங்க. எங்க ஊர்ல அவங்கள ஜெயிக்க ஆளு கெடையாது. படுத்துக்கினு எங்க தாயம் உருட்டறது? போன குடுத்தேன். புடிச்சிக்கினே தூங்கி, மூஞ்சில வுழுந்து ஒதடு வீங்கிப்போச்சு.”

பின்னாலேயே வந்துவிட்ட கொளஞ்சி கேட்டார்: “டிவி இருக்குதா இல்லியா?”

“இருக்குது. அது நேரா நிக்குது, அவங்க சாஞ்சி கெடக்கறாங்க. தலைய நிமிர்த்திப் பாக்கறேன்னு புரண்டுடறாங்க. நான் இல்லாத நேரம் யாரு சார் புடிச்சி வெக்கறது?”

இதுதான் அவருடைய ‘சும்மா’.

பாய் குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு, கூட்டம் நிறைந்த கடையில், என்னைப் பார்த்துச் சொன்னார்:

“வாத்தியாரே, படு.”

“இன்னா பாய்?”

“இங்க நின்னுக்கினு அவங்க கண்ணுக்கு எப்டித் தெரியும்னு நமக்கு எப்டித் தெரியும்? எடது பக்கமா படு.”

பிரிண்டர் வந்த அட்டைப்பெட்டியை அவரே பிரித்துத் தரையில் விரித்தார். எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. கடைச் சட்டை, பாக்கெட்டில் பேனா. வாடிக்கையாளர்கள் சுற்றி நிற்க, சலுகை விலை கேட்க வந்த ஒரு பெரியவர் காலை விலக்கி வழி விட, நான் இடது பக்கமாகப் படுத்தேன்.

முதலில் அந்தப் பெரிய லேப்டாப். நேராக வைத்தால் டிவி கதைதான். பக்கவாட்டில், பாதி திறந்த புத்தகத்தை நிற்க வைப்பதுபோல நிறுத்தினோம். ஒரு நொடி நின்றது. பிறகு என் முகத்தை நோக்கிச் சாய்ந்தது. கொளஞ்சி பிடித்திராவிட்டால் என் மூக்குக்கும் அந்த அம்மாவின் உதட்டுக்கும் ஒரே கதி.

“பொம்மைய எடு,” என்றார் பாய்.

இரண்டு கம்பெனிப் பொம்மைகள் ஸ்டாக்கில் இருந்தன. இரண்டுமே பள்ளிக்கூட நோட்டை விடக் கொஞ்சம் பெரியவை. உள்ளே விசிறி கிடையாது என்பதால் சூடு வீசாது, சத்தமும் இல்லை. முதலாவது புத்தகம் போல அழகாக நின்றது. இடது கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்திருந்த எனக்குத் திரை நேராகத் தெரிந்தது. வலது கை கீபோர்டுக்கு எட்டியது. எழுந்துவிடலாம் என்று நினைத்தேன்.

“சார்ஜர் குத்து,” என்றார் பாய்.

குத்த முடியவில்லை. சார்ஜர் சொருகும் துளை இடது பக்கத்தில் இருந்தது. இடது விளிம்பில்தான் அது நின்றுகொண்டிருந்தது. மலையில் மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்து ஏற்றிக்கொள்ள வேண்டும். அதற்காக ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா எழுந்து எடுத்துவைக்க வேண்டியிருக்கும். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பேருக்கு லேப்டாப் விற்றிருக்கிறேன். துளை எந்தப் பக்கம் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. தரையிலிருந்து பார்த்தால் அது ஒன்றுதான் முக்கியமாக இருந்தது.

இரண்டாவதில் துளை வலது பக்கம். நிறுத்தினோம். நின்றதும் படம் தானாகப் புரண்டு எழுந்துகொண்டது. நான் படுத்திருக்கிறேன், படம் நிமிர்ந்து நிற்கிறது. மூடியைப் பின்னால் மடக்கக்கூடிய ரகம் அது; திருப்பினால் படமும் திரும்பும் வசதியோடு வரும். எல்லாரும் அதை வசதி என்றுதான் பாராட்டுவோம். எழுந்து உட்கார்ந்து, அந்தத் திரும்பலைப் பூட்டிவிட்டு, மறுபடியும் படுத்தேன். படமும் என்னோடு படுத்தது. ஒயர் இல்லாத மவுஸைப் பக்கத்தில் வைத்துச் சீட்டாட்டத்தைத் திறந்து இரண்டு சீட்டு நகர்த்தினேன்.

“கழுத்து?” என்றார் பாய்.

“வலிக்கல.”

“புரளணும்னு தோணுதா?”

“இல்ல பாய்.”

அந்தப் பெரியவர் மேலிருந்து எட்டிப் பார்த்தார். “செவப்பு எட்டு சும்மா கெடக்குது பாருங்க, தூக்கி அந்தக் கறுப்பு ஒம்போதுல வைங்க.”

இதோடு முடிந்திருந்தால் எழுத ஒன்றுமில்லை. கொளஞ்சி அதே ரகத்தில் புதுப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து பில் போட உட்கார்ந்தார். அப்போது எனக்கு ஓர் ஐயம் வந்தது.

“உங்க வூட்டுகிட்ட டவர் எங்க கெடைக்கும்?”

“கோயிலு பாறைக்குப் போவணும் சார்.”

புது லேப்டாப்பை முதல்முறை திறக்கும்போது நெட் கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கொடுக்காவிட்டால் முதல் திரையைத் தாண்டாது. கொடுத்தால் உடனே அப்டேட் இறங்கத் தொடங்கும்; சின்ன லேப்டாப்பில் அது முடிய மாலையாகும். கோயில் பாறைக்கு அந்த அம்மா ஏற முடியாது; அண்ணாமலையே தூக்கிப்போனாலும் அங்கே கிடைக்கிற டவரில் அது இறங்கி முடியாது. கடையிலேயே முடிக்கலாம் என்றால் அவரால் மாலைவரை நிற்க முடியாது. ஹாரன் சத்தம் இப்போது விடாமல் கேட்டது. லாரி முதலாளியிடமிருந்து அவருக்கு இரண்டாவது முறை போன் வந்துவிட்டது. நாளைக்குக் கடையில் பூஜை மட்டும்தான், வியாபாரம் கிடையாது. அடுத்த லோடு எப்போது என்று அவருக்கே தெரியாது. அதற்குள் அந்த அம்மா எத்தனை தடவை எழுந்து களத்துக்குப் போவார் என்று யாருக்குத் தெரியும்?

பாய் என்னைப் பார்த்தார். “படுத்தவன் நீ. நீயே சொல்லு.”

“டிஸ்ப்ளே பீஸக் குடுத்துடலாம்.”

நான் படுத்துப் பார்த்தது, வருகிறவர்கள் தொட்டுப் பார்க்கத் திறந்து வைத்திருந்த அந்த டிஸ்ப்ளே பீஸைத்தான். எல்லா அப்டேட்டும் முடிந்தது, பூட்டைப் போட்டாகிவிட்டது, நெட் இல்லாமலே ஓடும். ஆனால் கடையில் நூறு பேர் தொட்ட பொருளை யாருக்கும் கொடுப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். வாங்குபவர்களும் கேட்க மாட்டார்கள். மூடியின் மூலையில் ஒரு கீறல் வேறு.

அண்ணாமலையின் முகம் மாறிவிட்டது. “நாளைக்கி பூஜ சார். சாமி முன்னாடி வெக்கணும்னு சொல்லிட்டு வந்துக்கிறேன். பழச எப்டி வெக்கறது? அதுவும் இந்த நேரத்துல.”

அந்த நேரம் என்பது எந்த நேரம் என்று இப்போது எனக்குத் தெரியும். கீறல் விழுந்ததை அவர் அந்தக் கர்ப்பத்தின் பக்கத்தில் வைக்க மாட்டார். காரணம் சொல்லி மாற்றக்கூடிய விஷயம் அல்ல அது. இருந்தும் என்னிடம் இருந்தது காரணம்தான்.

“புதுசு அழகா இருக்கும்ங்க. தொறந்தா நெட்டு கேட்டுக்கினு அப்டியே நிக்கும். இது இன்னிக்கி ராத்திரியே சீட்டு ஆடும். அவங்களுக்கு வேண்டியது எது?”

அவர் தரையில் கிடந்த அட்டையைப் பார்த்தபடி நின்றார். அப்போது கொளஞ்சி எழுந்தார். பொம்மை என்று அதுவரை கேலி செய்த அதே கொளஞ்சி. மறுநாள் பூஜைக்காகக் கரைத்து வைத்திருந்த சந்தனத்தை விரலால் எடுத்து, சரியாக அந்தக் கீறலின் மேல் வைத்து, நடுவில் குங்குமம் இட்டார்.

“எங்க கடையிலயே இதுக்குத்தான் மொதப் பொட்டு,” என்றார். “புதுசு எதுக்கும் இன்னும் வெக்கல.”

அண்ணாமலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாசல் வரை கூடவே போய், வயிற்றின் மேல் வைக்கக் கூடாது, பாயில்தான் நிறுத்த வேண்டும், உள்ளே இடம் கம்மி, கண்டதை ஏற்றி அடைக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி ஹாரன் சத்தத்தில் போயிருக்கும்.

அதன் பிறகு அவர் வரவில்லை. கார்த்திகை மழையில் மலைச்சாலை மோசமாக இருந்தது. மார்கழியில் ஒருநாள் அதே மினி லாரி கடையைக் கடந்துபோனது. ஓட்டியது வேறு ஆள். பாயிடம் சொன்னேன். அவரும் பார்த்திருந்தார். அவர்கள் வெளியே சொல்லாமல் வைத்திருந்த ஒன்று, வியாபாரத்தின் நடுவே எங்களுக்குத் தெரிந்துபோனது. அதைப் பற்றி மூன்றாம் ஆளிடம் விசாரிக்க எங்களுக்கு வாய் வரவில்லை. தை போயிற்று, மாசி போயிற்று. வெள்ளிமலை பஸ் கடைவழியே போகும்போதெல்லாம் தலை தானாக நிமிரும்.

வைகாசியில், கோடை விடுமுறை முடியும் சமயம், கடைக்குள் ஒரு பெண் வந்தார். உயரம், வேகமான நடை, தோளில் ஒரு பை. நேராகக் கவுண்டருக்கு வந்து எங்கள் எல்லாரையும் வரிசையாகப் பார்த்தார்.

“கடையில படுத்தது யாரு?”

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. அதற்குள் அவருக்குப் பின்னால் அண்ணாமலை படியேறி வந்தார். கையில் ஒரு துணிச் சுருள். அதிலிருந்து ஒரு பிஞ்சுக் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“சார், எங்க வூட்ல,” என்றார் அண்ணாமலை.

“வூடு, வூடுன்னுக்கினு. எனக்குப் பேரு இருக்குது. மல்லிகா,” என்றார் அந்தப் பெண். “எடது பக்கமா படுத்தது யாருங்க?”

“நாந்தாம்மா,” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “வயசான ஆளுன்னு இவுரு சொல்லவே இல்லியே.” பிறகு சிரித்தார். “சீட்டுல நான் இப்ப தோக்கறதே இல்லீங்க. ஆனா சீட்டு பத்து நாள்லயே சலிச்சிப்போச்சு. எழுந்திரிக்கலாம்னு கையக் கையத் தரையில ஊணுவேன். அப்ப நெனப்பு வரும். மொகந்தெரியாத ஒரு மனுசன் எனக்கோசரம் பட்டப்பகல்ல, ஜனங்க பாக்க, கடையில படுத்துருக்காரு. நம்ம வூட்ல நம்ம படுக்கறதுக்கு இன்னான்னு, மறுபடியும் படுத்துக்குவேன். நாலு மாசமும் அப்டித்தான் போச்சு.”

நான் என்ன செய்தேன்? பாய் படு என்றார், படுத்தேன். குழந்தை ஆணா பெண்ணா என்று கொளஞ்சிதான் கேட்டார். பெண். மாசி மாதம், கள்ளக்குறிச்சியிலேயே பிறந்திருக்கிறது. குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகட்டும் என்றுதான் அவர்கள் இவ்வளவு நாள் மலையை விட்டு இறங்கவில்லை. அண்ணாமலை மனைவிக்குத் துணையாக லாரி வேலையை நிறுத்தியிருந்திருக்கிறார். நாங்கள் மார்கழியில் பார்த்தது அதைத்தான்.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளே, எனக்கு இந்தக் கவுண்டர் சம்பளம் கொடுத்தது, ஊரில் பழக்கம் கொடுத்தது. எல்லாவற்றுக்கும் நன்றி உண்டு. ஆனால் அதற்கடுத்த தையில் விடைபெறும் நாளில் பாயிடம் நான் நன்றி சொன்னது அந்த ஒரு சொல்லுக்காக: படு. நின்றபடியே விற்றிருந்தால் அன்றைக்கும் நல்ல பொருளைத்தான் விற்றிருப்பேன், அந்த அம்மாவுக்கு உதவாத நல்ல பொருளை.

அன்றைக்கு மல்லிகா அதோடு போய்விடவில்லை. கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

“இவுரு எத்தினியோ தபா நடிச்சிக் காட்டிட்டாரு. எனக்கு நம்பிக்க இல்ல. நெசமா எப்டிங்க படுத்தீங்க?”

கொளஞ்சி சிரித்தார். கடையில் அன்றும் கூட்டம்தான். நான் மழுப்பலாகப் பாயைத் தேடினேன். கல்லாவில் அவர் இல்லை. எனக்குப் பின்னால் குனிந்து, ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்துக்கொண்டிருந்தார்.